செருப்புக் கணக்கு

வாசலை அழகுபடுத்தித் தரச் சொல்லி யாராவது கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது செருப்புக் கணக்கைத்தான். வீட்டில் எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை ஜோடி, தினமும் காலில் போகிறவை எவை, கல்யாணம் காதுகுத்துக்கு மட்டும் வெளியே எடுப்பவை எவை. கேட்டதும் முகம் சுருங்கும். அவர்கள் போனில் ஒரு படத்தை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். வெள்ளைச் சுவர், கடல்நீல மேஜை, அதன்மேல் பித்தளை உருளி, உருளியில் தாமரை. அந்தப் படத்தில் செருப்பே இருக்காது. குடை, ஹெல்மெட், தண்ணீர் கேன், கூரியர் பொட்டலம், பால் பாக்கெட் போடத் தொங்கவிட்ட பை எதுவும் இருக்காது. நம் வீட்டு வாசலில் இருப்பதெல்லாம் அவைதான்.

என் அப்பா காரைக்குடியில் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போட்டவர். அரக்கும் ஸ்பிரிட்டும் மணக்கிற வீட்டில் வளர்ந்தேன். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தபின் ஆதம்பாக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, பழைய சாமான்களைப் பழுது பார்த்துப் பெயிண்ட் அடித்துக் கொடுக்கத் தொடங்கினேன். கட்டிலும் அலமாரியும்தான் வரும் என்று நினைத்திருந்தேன். வந்ததில் பாதிக்குமேல் வாசலுக்கான சாமான்கள். யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை. அபார்ட்மெண்டில் மாடிக்கு மாடி ஒரே மாதிரிக் கதவு, ஒரே மாதிரி நம்பர் பலகை, ஒரே மாதிரி கிரில். இது எங்கள் வீடு என்று காட்டிக்கொள்ள மிஞ்சுவது அந்த நாலடி இடம்தான்.

எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் இந்தச் சிக்கல் கிடையாது. படியேறினால் இரண்டு பக்கமும் திண்ணை, நடுவில் தேக்கு நிலை, நிலையின் நெற்றியில் கஜலட்சுமி, அதைத் தாண்டினால் வளவு என்கிற முற்றம். வெளியாள் எங்கே உட்காரலாம், உறவுக்காரர் எதுவரை வரலாம், செருப்பு எங்கே கிடக்கலாம் என்பதையெல்லாம் வீடே சொல்லிவிடும். சென்னையில் கதவைத் திறந்தால் நேரே சோபா. பெரும்பாலான வீடுகளில் நாலடிக்கு ஐந்தடி, சிலவற்றில் அதுவும் இல்லாமல் கதவுக்குப் பின்னால் ஒரு சுவர்த்துண்டு. திண்ணை செய்துவந்த வேலை அத்தனையும் அந்தச் சுவர்த்துண்டின் தலையில் விழுகிறது. வெளியே காரிடாரில் ஒரு ஷூ ரேக் போட்டுவிடலாமே என்பார்கள். காரிடார் எல்லாருக்கும் பொது, தீ கீ என்றால் ஓடுகிற வழியும் அதுதான். அங்கே வைக்கச் சொன்னால் நான் செய்து தருவதில்லை.

ஆகவே டேப்பை எடுத்ததும் கதவைத்தான் அளப்பேன். கதவு முழுசாகத் திறந்தபின் மிஞ்சுகிற இடம்தான் எனக்குச் சொந்தம். பன்னிரண்டு அங்குல ஆழம் கிடைத்தால் ஆம்பிளை ஷூவும் நேராக உட்காரும். ஏழெட்டு அங்குலம்தான் என்றால் சாய்வாகத் திறக்கும் தட்டு. செருப்பை நிறுத்தினாற்போலச் சொருகிக்கொள்ளலாம். இதற்குக் கண்ணாடிக் கதவு போடச் சொல்பவர்கள் உண்டு. ஐப்பசி மழையில் காற்றுப் போகாத ரேக்குக்குள் தோல் செருப்பு வெள்ளையாகப் பூஞ்சை பூத்துக் கிடப்பதைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

நான் போடுவது பிரம்புப் பின்னல் கதவு. பழைய நாற்காலிகளின் இருக்கையில் பின்னியிருப்பார்களே, அதே எண்கோண ஓட்டைப் பின்னல். காற்றுப் போகும், உள்ளே இருப்பதும் பளிச்சென்று தெரியாது. பிரம்பின் மேல்தோல் வழவழப்பானது, அதில் பெயிண்ட் பிடிக்காது, பிடித்தாலும் செதில் செதிலாக உரியும். சட்டத்துக்கு எந்த நிறம் அடித்தாலும் பின்னலை அதன் நிறத்திலேயே விட்டுவிட வேண்டும். நாளடைவில் தொய்ந்தால் உள்பக்கமாக ஈரத்துணியை ஒற்றி எடுத்துக் காயவிட்டால் போதும், தானாக இழுத்துக்கொள்ளும். இதைச் சொல்லிக் கொடுத்த நாற்காலி பின்னுகிறவருக்குக் கண் பார்வை குறைவு. விரல் நுனியால் தட்டிப் பார்த்தே இறுக்கம் சொல்வார்.

சாமான் தேடி இன்றும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குத்தான் போகிறேன். தூண், நிலை, ஜன்னல், ஊஞ்சல் பலகை, எனாமல் தூக்கு, ரவிவர்மா அச்சுப்படம், பெல்ஜியம் கண்ணாடி என்று கடைக்குக் கடை குவிந்திருக்கும். எங்கோ ஒரு பெரிய வீட்டைப் பங்காளிகள் பிரித்து இடித்தால்தான் இந்தத் தெருவுக்குச் சரக்கு வரும். அது தெரிந்துதான் எல்லாரும் பேரம் பேசுகிறோம், நானும் பேசுகிறேன்.

வாசலுக்கென்று நான் பெரிய சாமான் எதையும் எடுப்பதில்லை. தூண் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்களிடம்கூட, எட்டடி உயரக் கூரைக்குக் கீழே பத்தடித் தூணை அறுத்து நிறுத்துவதைவிடப் பாவம் இல்லை என்று சொல்லிவிடுவேன். என் கண் தேடுவது கல்லாப்பெட்டி, தரையில் உட்கார்ந்து எழுதும் சாய்வுக் கணக்குப் பெட்டி, ஊஞ்சல் பலகை, ஜன்னல் சட்டம், பழைய தையல் மிஷினின் வார்ப்பிரும்புக் கால். தையல் மிஷின் கால் மேல் ஒரு பலகை போட்டால் வாசலுக்கு அளவெடுத்துச் செய்தது போன்ற ஒடுக்கமான மேஜை. ஊஞ்சல் பலகைக்கு நாலு கால் வைத்தால் உட்கார்ந்து ஷூ மாட்டும் பெஞ்சு. கல்லாப்பெட்டிக்கு எதுவுமே செய்ய வேண்டாம். சில்லறை போடும் கிண்ணக் குழிகளில் வண்டிச் சாவி, வீட்டுச் சாவி, லிப்டுக்கான கார்டு எல்லாம் தனித்தனியாக உட்காரும். அடியில் ரகசிய அறை இருந்தால் அதைக் கண்டுபிடிப்பது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு விடுமுறை நாள் வேலை.

“பர்மா தேக்கு தங்கச்சி. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போ” என்பார் கடைக்காரர்.

“மூடிக்கிறேண்ணே. முதல்ல அதைக் கவுத்துப் போடுங்க.”

மேல்பக்கம் எதை வேண்டுமானாலும் சொல்லும். எண்ணெய் தேய்த்து, கறுப்புப் பாலிஷ் போட்டு, வேம்பைத் தேக்காக்கி வைத்திருப்பார்கள். அடிப்பக்கத்துக்கு யாரும் பாலிஷ் போடுவதில்லை. மரத்தின் சொந்த நிறம் அங்கேதான் தெரியும். குண்டூசித் தலையளவு ஓட்டைகள் இருக்கின்றனவா என்றும் பார்ப்பேன். ஓட்டை மட்டும் இருந்தால் பயமில்லை, வண்டு எப்போதோ பறந்துபோயிருக்கலாம். பெட்டியைத் தட்டும்போது வெளுத்த மாவு உதிர்ந்தால் இன்னும் உள்ளே குடியிருக்கிறது என்று அர்த்தம். வேறு வழியில்லாமல் அதையே எடுக்க நேர்ந்தால் ஓட்டை ஓட்டையாக ஊசியில் மருந்து ஏற்றி, பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டி, கொட்டகையின் மூலையில் தனியே போட்டுவிடுவேன். மற்ற சாமான்களோடு சேர்க்க மாட்டேன்.

இனி பெயிண்ட். அப்பாவுக்கு இந்தப் பேச்சே ஆகாது. “தேக்குக்குப் பெயிண்ட் அடிக்கிற கை விளங்காது” என்பார். நல்ல தேக்கையும் ஈட்டி மரத்தையும் பொறுத்தவரை நானும் அவர் கட்சிதான். ரேகை ஓடும் மரத்தை மூடி மறைப்பதில் எனக்கும் விருப்பம் இல்லை. ஆனால் வேம்பு, மா, ரப்பர் மரம், பெட்டி உடைத்த பேக்கிங் மரம், ஒரு கால் தேக்கும் மூன்று கால் வேறு ஏதோவுமாக ஒட்டுப் போட்ட பெஞ்சு, இவையெல்லாம் பாலிஷில் பரிதாபமாக இருக்கும், பெயிண்டில் நிமிர்ந்து நிற்கும். அதுவும் போக, மரத்துக்கு நிறம் அடிப்பது என்னவோ வெளிநாட்டுப் பழக்கம் என்பது போல அப்பா பேசும்போது கோயில் வாகனங்களைக் காட்டுவேன். குதிரைக்கும் யாளிக்கும் தலைமுறை தலைமுறையாகப் பச்சையும் சிவப்பும் அடித்துத்தானே தோளில் தூக்குகிறோம். “அது சாமி சமாச்சாரம்” என்று முடித்துக்கொள்வார்.

அப்பாவின் அரக்குப் பாலிஷுக்கு வாசல் ஏற்ற இடம் இல்லை என்பதை கொரோனா வந்த 2020-ல் ஊரே பார்த்தது. வீட்டுக்கு வீடு வாசல் மேஜையில் சானிடைசர் பாட்டில் வந்து உட்கார்ந்தது. அரக்கைக் கரைப்பது ஸ்பிரிட். சானிடைசரில் பெரும்பங்கு அதே ஆல்கஹால்தான். பாட்டிலின் அடிவட்டமும் சொட்டுச் சொட்டாக விழுந்த தடமும் பாலிஷைத் தின்றுவிட்டு வெளுத்துக் கிடந்தன. அந்த இரண்டு வருடத்தில் என் கொட்டகைக்கு வந்த மேஜைகளில் பாதி அப்படி வந்தவை. சானிடைசர் போனது. வெளியிலிருந்து வருகிறவர்கள் ஈரக்கையும் ஈரக்குடையுமாக முதலில் தொடுவது இந்த மேஜையைத்தான் என்பது மாறவில்லை. அதனால் மேல்பலகைக்கு மட்டும் பாலியூரித்தேன் கட்டாயம் அடிக்கிறேன். நிறம் எதுவாக இருந்தாலும் சரி.

எங்கள் கொட்டகையில் ஒரு பெஞ்சு வந்தால் வேலை தொடங்குவது அதன் காலடியில். தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, நாலு கால்களின் அடிமுகத்தைத் தேய்த்து, தண்ணீர் போலக் கரைத்த பிரைமரை ஊட்டுவோம். அடிமுகம் என்பது மரத்தின் குறுக்குவெட்டு. வேர் உறிஞ்சிய தண்ணீர் மேலே ஏறிய குழாய்களின் வாய் எல்லாம் அங்கே திறந்தபடி இருக்கின்றன. முதல் கோட்டு தொட்ட நொடியில் காணாமல் போகும். இரண்டாவது கொஞ்சம் நிற்கும். மூன்றாவது கோட்டு மேலேயே பளபளத்தால்தான் வாய் அடைந்தது என்று தெரியும். நம் வீடுகளில் வாசலைத் தினமும் தண்ணீர் தெளித்துத் துடைக்கிறோம். மாப் தண்ணீர் அந்தக் கால்களில்தான் போய்த் தேங்குகிறது. எவ்வளவு அழகாக மேலே நிறம் அடித்திருந்தாலும் ஒரு மழைக்காலத்துக்குள் காலிலிருந்து மேல்நோக்கிப் பெயிண்ட் கொப்புளித்து வருவதற்குக் காரணம் இதுதான். கடையில் வாங்கிய எம்டிஎப் ரேக் என்றால் கொப்புளம்கூட வராது; காலே ஊறி உப்பிவிடும். அதற்கு அடியில் ரப்பர் குமிழ் வைத்து அரை அங்குலம் தூக்கிவிடுவதுதான் ஒரே வைத்தியம்.

பழைய பெயிண்ட் இருக்கும் சாமானை உலர்வாகத் தேய்க்க நான் யாரையும் விடுவதில்லை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதி வந்தது 2016-ல், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய எனாமலில், அதுவும் மஞ்சளிலும் பச்சையிலும் சிவப்பிலும், என்ன இருக்கும் என்று யார் கண்டது. வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, சகதியாக வழித்தெடுத்து, அந்தத் துணியையும் சேர்த்துக் கட்டித் தனியாகப் போடுகிறோம். வேலை மூன்று மடங்கு இழுக்கும். வாசல் பெஞ்சு என்பது பிள்ளைகள் உட்கார்ந்து, அதே கையோடு பிஸ்கட் எடுத்துத் தின்கிற இடம்.

அடுத்தது கறை. ஒட்டுப் போட்ட பெஞ்சில் எங்காவது ஒரு தேக்குச் சட்டம் இருந்தால் அதன்மேல் வெள்ளையோ இளநீலமோ அடித்துப் பாருங்கள். நாலாம் நாள் டீ சிந்தியது போல ஒரு பழுப்பு மேலே வரும். இன்னொரு கோட்டு அடித்தால் இன்னும் நாலு நாளில் மறுபடி வரும். மரத்தின் சாயமும் எண்ணெயும் ஈரத்தோடு சேர்ந்து ஊறி மேலேறுகின்றன. எத்தனை கோட்டு அடித்தாலும் நிற்காத இந்தக் கறையை நிறுத்துவது அப்பாவின் அரக்குதான். மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து ஒரே ஒரு கோட்டு. அதன்மேல் எந்தப் பெயிண்டும் உட்காரும். அரக்கு மேலே இருந்தால் ஸ்பிரிட் தின்னும். அடியில் போய்விட்டால் யாராலும் அசைக்க முடியாது. அப்பா ஒருமுறை கொட்டகைக்கு வந்து அதைப் பார்த்துவிட்டு, “அப்ப எங்க ஆளு உள்ளுக்குள்ள இருக்காரு” என்றார். அதற்குமேல் பெயிண்டைப் பற்றி என்னிடம் சண்டை போட்டதில்லை.

மழை பிடித்தால் கார்த்திகை முடியும்வரை லாக்கர் பூச்சு வேலை எதையும் எடுக்காமல் இருப்பது நல்லது. ஈரக்காற்றில் அடித்தால் பூச்சு வெள்ளையாகப் பால் பூத்துவிடும். தீபாவளிக்குள் முடித்துத் தரச் சொல்லி வருகிறவர்களிடம் இதை எப்படிச் சொன்னாலும் ஏறாது. வேலை பிந்தினால் திட்டுவார்கள், பூத்தாலும் திட்டுவார்கள். பிந்தி வாங்கும் திட்டு மேல்.

நிறம் கேட்பதில்தான் என் தொழிலின் சுவாரசியம் இருக்கிறது. ஷேடு கார்டை நீட்டினால் ஆயிரத்தெட்டு கட்டங்களைப் பார்த்து மிரண்டு, கடைசியில் சந்தன நிறத்தில் போய் நிற்பார்கள். மயிலாப்பூரில் ஒரு மாமி, “பச்சை வேணும்மா, எந்தப் பச்சைன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை” என்றார். பீரோவைத் திறந்து பிடித்த புடவையை எடுத்துவரச் சொன்னேன். மயில்கழுத்து நிறத்தில் ஒரு காஞ்சிபுரம் வந்தது. அன்று பிடித்த வழக்கம். இன்றும் ஷேடு கார்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு புடவையைத்தான் கேட்கிறேன். ராமர் பச்சை, கிளிப்பச்சை, அரக்குச் சிவப்பு, மாம்பழ மஞ்சள், வெங்காயத்தோல், எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவின் பெயரிலேயே ஒரு எம்.எஸ். ப்ளூ. நம் பெண்களுக்கு நிறம் தெரியாது என்று யார் சொன்னது? பெயிண்ட் கம்பெனிகள் வைக்கும் பெயர்கள்தான் அவர்களுக்குத் தெரியாது.

ஆனால் மயில்கழுத்து டப்பாவில் வருவதில்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக ஓடுவதால்தான் புடவையை அசைக்கும்போது நீலமும் பச்சையுமாக மாறுகிறது. மரத்தில் அதற்கு ஈடு செய்ய இரண்டு அடுக்கு வேண்டும். அடியில் நல்ல நீலம், இரண்டு கோட்டு. அது இறுகியதும் விளிம்பு, கைப்பிடி, கடைசல் காலின் முண்டுகள் இவற்றில் மட்டும் மெழுகுவர்த்தித் துண்டால் ஓர் இழுப்பு. மேலே பச்சை. பச்சை காய்ந்தபின் 220-ம் நம்பர் உப்புத்தாளால் மெழுகு பட்ட இடத்தைத் தடவினால் அங்கே பிடிக்காத பச்சை பொடியாக உதிர்ந்து, அடியிலிருக்கும் நீலம் கோடாக எட்டிப் பார்க்கும். நடந்துகொண்டே பார்த்தால் மேஜை இரண்டு நிறமாகத் தெரியும். மாமி அந்த மேஜையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஜரிகை மட்டும்தான் பாக்கி” என்றார். பித்தளைக் குமிழ் வைத்து அதையும் கொடுத்தோம்.

இந்தத் தேய்ப்பில் ஒரு நேர்மை வேண்டும் என்பது என் கட்சி. பழசு போலக் காட்டுவதற்காகப் பலகையின் நடுவில் கண்டபடி உரசுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். நிஜமான பழைய சாமானில் நடுவில் நிறம் போகாது. இழுப்பறையின் மேல்விளிம்பு, பெஞ்சின் முன்விளிம்பு, உட்காரும்போது கை ஊன்றும் மூலை, செருப்புக்கால் உதைக்கிற கீழ்ச்சட்டம் இங்கேதான் போகும். அங்கே மட்டும் தேய்த்தால் போதும், மிச்சத்தை அந்த வீட்டார் தாங்களே தேய்த்துக்கொள்வார்கள்.

சாக் பெயிண்ட் பற்றிக் கேட்காதவர்கள் இப்போது இல்லை. ஆனி ஸ்லோன் என்ற பிரிட்டிஷ் பெண்மணி 1990-ல் கொண்டுவந்தது. தேய்க்காமல், பிரைமர் இல்லாமல் நேராக அடிக்கலாம், சுண்ணாம்பு பூசினது போல மங்கலாக நிற்கும், அழகுதான். அதை மூடுவதற்கு மேலே மெழுகு பூசுவது அவர்கள் வழக்கம். சித்திரை வெயில் விழும் வாசலில் மெழுகு இளகும். இளகினால் புழுதி ஒட்டும். ஒட்டிய புழுதியை நாம் ஈரத்துணியால் தேய்ப்போம். மூன்றே மாதத்தில் அழுக்குச் சட்டைக் காலர் போல ஆகிவிடும். சாக் பெயிண்ட் அடியுங்கள், மேலே தண்ணீரில் கரையும் பாலியூரித்தேன் மேட்டில் இரண்டு கோட்டு அடித்துக்கொள்ளுங்கள் என்பேன்.

எந்த நிறமானாலும் ஒரு பலகைத் துண்டில் அடித்து, அது நிற்கப்போகும் இடத்திலேயே, ராத்திரி அந்த வீட்டு விளக்கில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிளாட்டின் வாசலில் ஜன்னல் கிடையாது, பகலிலும் விளக்குத்தான். நம்மவர்களுக்கு 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம் போட்டால்தான் வீடு வெளிச்சமாக இருப்பதாகத் திருப்தி. அதில் மாம்பழ மஞ்சள் எலுமிச்சையாகிவிடும், அரக்குச் சிவப்பு செத்துப்போகும். 3000 கெல்வின் பல்பு ஒன்றை மாற்றிப் போட்டுக் காட்டினால் பெயிண்டை மாற்ற வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சின்னச் சாமான்களுக்கு வருவோம். உருளியில் பூ மிதக்கவிடுவது கண்ணுக்கு அழகுதான். டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிடத் தேடுவதும் அப்படிப்பட்ட தெளிந்த தண்ணீரைத்தான். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். மாநகராட்சியிலிருந்து பார்க்க வருகிறவர்கள் மொட்டைமாடித் தொட்டிக்கு அடுத்து எட்டிப் பார்ப்பது இந்த உருளியைத்தான். தினமும் தண்ணீர் மாற்றிப் புளி போட்டுத் தேய்க்க ஆள் இருந்தால் வையுங்கள். இல்லாவிட்டால் உருளியைக் கவிழ்த்து வைக்காமல், தண்ணீர் ஊற்றாமல், கூழாங்கல்லோ வண்டிச் சாவியோ போட்டு வையுங்கள்.

கண்ணாடி வாசல்வழியில் அவசியம் என்பேன். கதவுக்கு நேர் எதிரே வைக்கக் கூடாது என்று வாஸ்து சொல்பவர்களோடு நான் வாதம் பண்ணுவதில்லை. நேர் எதிரே மாட்டினால் கதவு திறந்ததும் வெளியாளுக்கு வீட்டின் உள்பக்கம் பாதி தெரியும். பக்கச் சுவரில் மாட்டுவதே எனக்கும் வசதி. பழைய ஜன்னல் சட்டத்தில் கம்பியைக் கழற்றிக் கண்ணாடி பதித்தால் சிறப்பு. உயரத்தைக் குறிக்க நான் பென்சிலோடு நிற்க, வீட்டுப் பெண்களை வரிசையாக நிறுத்தித் தலையில் பூ வைப்பது போலக் கையைத் தூக்கச் சொல்வேன். கையும் முடியும் சேர்ந்து தெரிந்தால் சரியான உயரம்.

விளாச்சேரி மண்குதிரை ஒன்று, மரப்பாச்சி ஜோடி ஒன்று, தலையாட்டிப் பொம்மை, ஆத்தங்குடிக் கல் பதித்த தட்டு, பித்தளை மணிக்கொத்து, ஊரிலிருந்து வந்த எனாமல் தூக்கு. இவற்றில் ஏதாவது இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் ஆறையும் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் சாவி வைக்க இடம் இருக்காது, தூக்கின் மூடிமேல் வைப்பார்கள், அது ‘டங்’ என்று விழும். மேல்பலகையில் பாதி எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்கிறேன். தண்ணீர் கேன் போடுகிற பையன் சில்லறையை எங்கே வைப்பான், கூரியர்காரர் கையெழுத்து வாங்கும்போது பொட்டலத்தை எங்கே வைப்பார்? தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் ஆசிட் மட்டும் ஊற்றாதீர்கள். அது சூளையில் சுட்ட ஓடு இல்லை, மேல்முகத்தில் நிறம் கலந்த சிமெண்ட், ஆசிட் பட்டால் பூவும் கொடியும் வெளுத்துவிடும்.

வீட்டு அலங்காரம் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் என்னிடம் வேலைக்குச் சேர்ந்தால் தடுமாறுவது நிலைப்படியில். தோரணத்துக்கு ஆணி, எலுமிச்சை மிளகாய்க்கு ஆணி, படிகாரத்துக்கு ஆணி, ஆகாச கருடன் கிழங்குக்கு ஆணி. அவ்வளவு அழகாகச் செய்த வாசலில் ஆணி அடித்துவிட்டார்கள் என்று வந்து புலம்புவார்கள். அடிக்கத்தான் செய்வார்கள். நிலை இருப்பது எதற்கு? நான் பெயிண்டுக்கு முன்பே ஆசாரியிடம் சொல்லி நிலையின் மேல்சட்டத்தில் இரண்டு மூலைக்கும் நடுவுக்குமாகப் பித்தளைக் கொக்கி திருகவைத்துவிடுவேன். “பாப்பா, வாங்குறவங்க கேட்கவே இல்லையே” என்பார் ஆசாரி. “கேட்க மாட்டாங்கண்ணே, அடிப்பாங்க” என்பேன். கொக்கி இருந்தால் சுத்தியல் வராது.

மஞ்சள் அதைவிடப் பெரிய விஷயம். வெள்ளிக்கிழமை தோறும் கீழ்ப்படியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்கள். மேட் பெயிண்ட் மஞ்சளைக் குடித்துவிடும், துடைத்தால் படரும். வெயில் படும் தனி வீட்டு வாசலில் மஞ்சள் தானாக வெளுக்கும், காரிடாரில் வெயில் ஏது. எனாமலிலேயே மஞ்சளடித்துச் சிவப்புப் பொட்டும் நிரந்தரமாக வைத்துத் தரும் பெயிண்டர்கள் உண்டு. அப்படி வைத்த படியிலும் அடுத்த வெள்ளிக்கிழமை அதன்மேலேயே பூசுவார்கள், நான் பல வீட்டில் பார்த்திருக்கிறேன். கதவு என்ன நிறமானாலும் கீழ்ப்படிக்கு மட்டும் கனமான பளபளப்புக் கோட்டு, முடிந்தால் பித்தளைத் தகடு. வழித்தால் வந்துவிடும், அடுத்த வாரம் மறுபடி பூசிக்கொள்ளலாம்.

சாமானை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பும் முன் எல்லா வீட்டிலும் ஒரு வேலை செய்வேன். மிச்சமான பெயிண்டை ஒரு சின்ன மாத்திரை டப்பாவில் விளிம்புவரை நிரப்பி, மூடிமேல் ஷேடு நம்பரும் தேதியும் எழுதி, ஷூ ரேக்கின் கீழ்த்தட்டில் மூலையில் வைப்பேன். டப்பாவில் காற்றுக்கு இடம் இருந்தால் ஆடை கட்டிவிடும், அதனால்தான் விளிம்புவரை. ஹெல்மெட் இடித்து, சைக்கிள் உரசி, ஒரு வருடத்துக்குள் ஏதாவது ஓர் இடத்தில் நிறம் பெயர்ந்தே தீரும். போன் வரும். “டப்பா இருக்காம்மா?” என்றுதான் கேட்பேன். இருந்தால், காதுக்குச்சியில் தொட்டு எப்படி வைப்பது என்று போனிலேயே சொல்லிவிடுவேன், காசு கிடையாது. தொலைத்திருந்தால் நேரில் போக வேண்டும், ஆட்டோ செலவு அவர்களுடையது.